மூக்கு: ஒரு சின்னப் பாடம்

பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். கடைசியில் வீட்டுப்பாடமும் உண்டு.

போன வாரம் ஒரு பழைய மாணவன் போன் செய்தான். பெயர் வேண்டாம், வெட்கப்படுவான். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறான். "டீச்சர், வெளிநாட்டுப் பார்ட்டி ஒருத்தர் நம்ம சாம்பிளைப் பத்தி மெயில்ல 'ஆன் த நோஸ்'னு எழுதியிருக்கார். அகராதியில பார்த்தா 'மிகச் சரியாக'ன்னு போட்டிருக்கு. நல்ல சேதிதானே?" என்று கேட்டான். குரலில் சந்தோஷம்.

"எந்த ஊர்ப் பார்ட்டிடா?" என்றேன்.

"ஆஸ்திரேலியா டீச்சர்."

"அப்படின்னா முதல்ல அந்த சாம்பிளை எடுத்து முகர்ந்து பாரு" என்றேன்.

விஷயம் இதுதான். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 'ஆன் த நோஸ்' என்றால் 'கன கச்சிதம்' என்று பொருள். விலை, எடை, நேரம் எதுவானாலும் சொன்ன இடத்தில் சரியாக வந்து நின்றால் அப்படிச் சொல்வார்கள். குதிரைப் பந்தயத்தில் ஒரு குதிரை முதலாவதாக வரும் என்று பணம் கட்டுவதற்கும் அதே பெயர். ஆனால் ஆஸ்திரேலியாக்காரர் ஒரு பொருளை அப்படிச் சொன்னால் 'நாறுகிறது' என்று அர்த்தம். ஒரே மொழி, அதே மூன்று சொல், கடல் தாண்டினால் பாராட்டு புகாராகிவிடுகிறது. பையன் சாம்பிளை மாற்றி அனுப்பப் போவதாகச் சொன்னான்.

போனை வைத்த பிறகு மூக்கு என் தலைக்குள் உட்கார்ந்துகொண்டது. ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த நாளிலிருந்து நமக்கு இது ஒரு வியாதி. ஒரு சொல் கிடைத்தால் அதை வேரோடு பிடுங்கிப் பார்க்காமல் தூக்கம் வராது.

முதலில் ஆங்கில மூக்கைப் பார்ப்போம். அடுத்தவர் விஷயத்தில் தலையிட்டால் 'போக்கிங் யுவர் நோஸ்'. எந்நேரமும் அப்படியே இருப்பவர் 'நோசி'. கொள்ளை விலை கொடுத்து வாங்கினால் 'பே த்ரூ த நோஸ்'. ஓய்வில்லாமல் உழைத்தால் மூக்கைச் சாணைக்கல்லில் வைத்திருக்கிறான் என்பார்கள். வம்புக்குப் போகாமல் இருந்தால் மூக்கைச் சுத்தமாக வைத்திருக்கிறான். விலை சடாரென்று விழுந்தால் 'நோஸ்டைவ்'. கண்ணெதிரே நடப்பதைக் கவனிக்காமல் விட்டால் 'அண்டர் யுவர் நோஸ்', அதாவது மூக்குக்குக் கீழேயே. இளக்காரமாகப் பார்த்தால் 'டர்ன் அப் யுவர் நோஸ்', மூக்கை மேலே தூக்குவது. இந்தக் கடைசி இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நம் தமிழ் மூக்கு சளைத்ததா என்ன? கோபம் மூக்குக்கு மேலே உட்கார்ந்திருக்கும். கல்யாண வீட்டில் மூக்குப்பிடிக்கச் சாப்பிடுவோம். பெண் மூக்கும் முழியுமாக இருப்பாள். அதிசயத்தைக் கண்டால் மூக்கின் மேல் விரல். பக்கத்து வீட்டில் பலகாரம் சுட்டால் யாருக்கோ மூக்கில் வேர்க்கும். இல்லாததை இருப்பதாகச் சொல்பவர் கதைக்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைப்பார். கடன் வாங்கியவர் திருப்பித் தரும்போது மூக்கால் அழுவார். நான் ரசிப்பது இதைத்தான்: வெள்ளைக்காரருக்குப் பணம் மூக்கு வழியாகப் போகிறது, நமக்கு அழுகை மூக்கு வழியாக வருகிறது. வலி என்னவோ ஒன்றுதான்.

சில இடத்தில் இரண்டு மொழியும் சொல்லி வைத்த மாதிரி பேசுகின்றன. மூக்கை நுழைப்பது இரண்டிலும் உண்டு. வழி கேட்டால் நாம் 'மூக்குக்கு நேரா போ' என்கிறோம், அவர்கள் 'ஃபாலோ யுவர் நோஸ்' என்கிறார்கள். ஒருவரைத் தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டு போவதை அவர்கள் 'லெட் பை த நோஸ்' என்பார்கள். நமக்கு அதற்கு விளக்கமே வேண்டாம். மூக்கணாங்கயிறு போட்ட மாட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கோபத்தில் தனக்கே கெடுதல் செய்துகொள்வதை 'முகத்தைப் பழிவாங்க மூக்கை அறுப்பது' என்று அவர்கள் சொல்வார்கள். நம் பாட்டிமார் அதை இன்னும் காரமாகச் சொன்னார்கள்: தன் மூக்கு போனாலும் சரி, எதிராளிக்குச் சகுனத்தடை ஆக வேண்டும்!

உறவுமுறையும் உண்டு. ஆங்கில 'நோஸ்', லத்தீன் 'நாசுஸ்', சமஸ்கிருத 'நாசா' மூன்றும் ஒரே குடும்பம். நாம் 'நாசி' என்று சொல்வது சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. ஆக 'நோஸ்' நம் 'நாசி'க்குத் தூரத்துச் சொந்தம். 'மூக்கு' வேறு வீடு. தெலுங்கில் முக்கு, கன்னடத்தில் மூகு, மலையாளத்தில் மூக்கு என்று நம் பக்கத்துப் பங்காளிகளோடு சேர்ந்தது. மூக்குத் துளைக்கு ஆங்கிலத்தில் 'நாஸ்ட்ரில்' என்கிறோம் அல்லவா? பழைய ஆங்கிலத்தில் அது மூக்கு, துளை என்ற இரண்டு சொல் ஒட்டியது. அந்தத் துளையின் வேரில் பிறந்ததுதான் 'த்ரில்'. முதலில் துளைத்துப் போவது என்று பொருள். பிறகுதான் மனத்தைத் துளைக்கும் பரவசம் ஆனது. அடுத்த முறை பேரப்பிள்ளைகள் சினிமா பார்த்துவிட்டு 'செம த்ரில்' என்று சொன்னால் மூக்கைத் தொட்டுக் காட்டுங்கள்.

நம் ஊர் வகுப்பறைக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு. தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். 'நோஸ்' என்றால் என்ன என்று கேட்டால் வீட்டில் உருது பேசும் பிள்ளை 'நாக்' என்று சொல்லும். பக்கத்துப் பிள்ளை உடனே நாக்கை நீட்டிக் காட்டும். வகுப்பே சிரிக்கும். ஆனால் அந்த உருது மூக்குக்கும் நம் மூக்கின் மானம்தான். மரியாதை போனால் அவர்களும் மூக்கு அறுந்தது என்றுதான் சொல்வார்கள். மூக்கு மூச்சு விடும் உறுப்பு மட்டும் இல்லை, அது மனிதனின் கௌரவம் என்பதை எல்லா மொழியும் ஒத்துக்கொள்கிறது.

இதுவரை சிரித்தது போதும். மேலே இரண்டை ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா, அங்கே வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருடங்கள் பேரணாம்பட்டுப் பக்கம். தோல் ஷாப்புகள் நிறைந்த பகுதி. என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. அப்பா ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. தொட்டியில் ஊறிய தோலைக் கையால் இழுத்துப் போட வேண்டும். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவரின் மகளை இவள் பக்கத்தில் உட்கார வைத்தேன். உட்கார்ந்த பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டது. அதுவும் குழந்தைதான், வேண்டுமென்று செய்யவில்லை. இவள் அழவில்லை, சண்டைக்கும் போகவில்லை. தன் பாவாடையை முகர்ந்தாள், கையை முகர்ந்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "எனக்கு ஒண்ணும் வர்லியே டீச்சர்" என்றாள்.

அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. மூக்கின் குணம் அப்படி. புதிதாக வரும் வாசனையைத்தான் அது நமக்குச் சொல்லும். அதே வாசனை தொடர்ந்து இருந்தால் சிறிது நேரத்தில் சொல்வதை நிறுத்திவிடும். தலையில் மல்லிகை வைத்தவளுக்குக் கொஞ்ச நேரத்தில் அதன் மணம் தெரியாது, எதிரே வருபவருக்குத்தான் தெரியும். ஊதுபத்திக் கடைக்காரருக்கு ஊதுபத்தி மணக்காது. அன்று வகுப்பில் இதைத்தான் சொன்னேன். "உங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் ஒரு வாசனை இருக்கு. அது உங்க மூக்குக்கு மட்டும் தெரியாது" என்றேன். பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் முகர்ந்து பார்த்தார்கள். எண்ணெய், விறகுப் புகை, மாட்டுக் கொட்டகை, மீன். எல்லோருக்கும் ஏதோ ஒன்று இருந்தது. மூக்கைப் பிடித்த பிள்ளையின் சட்டையில் பூச்சி உருண்டை.

பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. பெரியவர்கள் விஷயம் வேறு. சென்னை பஸ்ஸில் போகும்போது மேல்விஷாரம், ராணிப்பேட்டை வந்தால் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு 'என்னா நாத்தம்' என்று சொல்பவர்களைக் கவனித்திருப்பீர்கள். அவர்கள் காலில் இருப்பது தோல் செருப்பு, இடுப்பில் தோல் பெல்ட், பையில் தோல் பர்ஸ். பொருளை வாங்கும்போது மூக்குக்குப் பக்கத்தில் வைத்து 'ஒரிஜினல் லெதர் வாசனை' என்று முகர்ந்து பார்ப்பவர்களும் அவர்களே. பச்சைத் தோலைத் தொடும் கை யாருடையது என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தொட்டியில் நிற்பவர்களில் பெரும்பாலோர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பதும் தெரியும். மூக்கைத் தூக்குவது நாற்றத்துக்காக மட்டும் இல்லை. இளக்காரத்துக்கு நாற்றம் ஒரு சாக்கு.

இப்போது கம்பெனிகளில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு முக்கியமான சேதி. இதற்காகத்தான் இந்தப் பதிவே.

அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுத் தோல் பதனிட்டார்கள். பிறகு குரோம் வந்தது. எந்த முறையானாலும் முதலில் முடியை நீக்க வேண்டும். அதற்குச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறார்கள். இந்த சல்பைடு கலந்த தண்ணீரோடு அமிலம் உள்ள கழிவு சேர்ந்தாலும், கழிவுச் சேறு தொட்டியில் தேங்கி அழுகினாலும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு வரும். அழுகின முட்டை நாற்றம். பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குகூட வேண்டாம், அதற்கும் குறைவாக இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். அந்த அளவுக்குக் கெட்டிக்கார மூக்கு.

ஆனால் அதே வாயு பத்து லட்சத்தில் 100 பங்கு ஆகிவிட்டால், சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிடும். உள்ளே இறங்கினவர் 'அப்பாடா, நாத்தம் போச்சு' என்று நினைப்பார். போனது நாற்றம் இல்லை, மூக்கு. இன்னும் சில மடங்கு கூடினால் நினைவு தப்பி விழுவார். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. அதனால் தொட்டியின் அடியில்தான் தங்கும். மேலே நின்று எட்டிப் பார்த்தவருக்கு ஒன்றும் தெரியாது. முதல் ஆள் விழுந்ததும் காப்பாற்ற இரண்டாவது ஆள் இறங்குவார், அவரைக் காப்பாற்ற மூன்றாவது ஆள். ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று செய்தித்தாளில் வருவது இப்படித்தான். அண்ணனும் தம்பியுமாகப் போன வீடுகள் உண்டு.

அதனால்தான் சொல்கிறேன்: 'ஃபாலோ யுவர் நோஸ்' என்ற பாடத்தைத் தொட்டி வாசலில் மறந்துவிடுங்கள். நாற்றம் இல்லை என்பது பத்திரம் என்று அர்த்தம் ஆகாது. முகத்தில் ஈரத்துண்டு கட்டுவது, சாதாரண மாஸ்க் போடுவது எதுவும் இந்த வாயுவுக்கு முன் நிற்காது. வாயுவை அளக்கும் மீட்டர் இருக்கிறது, அது சொல்ல வேண்டும். காற்றடிக்க வேண்டும், இடுப்பில் கயிற்றோடு கூடிய பெல்ட் வேண்டும், வெளியிலிருந்து காற்று வரும் மூச்சுக்கருவி வேண்டும், மேலே ஆள் நிற்க வேண்டும். இவை இல்லாவிட்டால் வேலை நடக்கக் கூடாது. கழிவுநீர்த் தொட்டியிலோ சாக்கடையிலோ பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் வருடச் சட்டப்படி குற்றம். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் பாசத்தில் பின்னாலேயே குதிக்காதீர்கள். தீயணைப்புத் துறைக்கு 101 அடியுங்கள். கல் மனசு என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

'மூக்கை நுழைக்காதே' என்று வீட்டிலும் பள்ளியிலும் சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டோம். 'நோசி' என்றால் ஆங்கிலத்திலும் வசவுதான். ஆனால் நம் பாலாற்றுக் கதையைப் பாருங்கள். கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியதும், வயலில் பயிர் கருகியதும் நம் மூக்குக்குக் கீழேயே நடந்தது. 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தங்கள் தொழிற்சாலை இல்லை, தங்கள் கணக்கு இல்லை, ஆனாலும் மூக்கை நுழைத்தார்கள். 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. அப்போது நம் மாவட்டத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர். ஒரு கிலோ தோல் தயாரிக்க சுமார் 35 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்பதும், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ கெட்டுவிட்டது என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இன்று நாடு முழுவதும் சட்டம் படிக்கும் பிள்ளைகள் 'வேலூர் வழக்கு' என்று சொல்லித்தான் படிக்கிறார்கள். அதன் பிறகு அமைத்த ஆணையம் 29,193 பேருக்கு 547 தோல் ஷாப்புகள் சுமார் 26.82 கோடி ரூபாய் தர வேண்டும் என்று கணக்குப் போட்டது. அதோடு முடிந்ததா? இல்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இழப்பீடு பற்றியும் பாலாற்றைச் சீர்செய்வது பற்றியும் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. மூக்கை நுழைப்பது ஒருநாள் வேலை இல்லை என்பது இதில் தெரிகிறது.

நடுவே 2015 ஜனவரி 31. ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் விடியற்காலையில் இடிந்தது. பக்கத்தில் படுத்திருந்த தொழிலாளர்கள் மேல் சேறு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சத்துவாச்சாரியிலிருந்து அந்த இடம் ஒரு மணி நேரம்கூட இல்லை. அதுவும் நம் மூக்குக்குக் கீழேதான்.

தோல் தொழில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதில்தான் உங்களில் பாதிப்பேர் வீட்டு அடுப்பு எரிகிறது. காலை ஷிப்டுக்கு கம்பெனி பஸ்ஸில் ஏறும் நம் பெண்களைப் பார்த்தால் எனக்குப் பெருமைதான். ஒன்றுதான் கேட்கிறேன். மூக்கைத் தூக்க வேண்டாம், நுழையுங்கள். உங்கள் கம்பெனியில் என்றைக்குத் தொட்டி சுத்தம் செய்கிறார்கள், யார் இறங்குகிறார், அவர் இடுப்பில் பெல்ட் இருக்கிறதா, மீட்டர் வேலை செய்கிறதா என்று கேளுங்கள். 'அது ஒப்பந்தக்காரர் ஆளு, உனக்கென்ன?' என்று பதில் வரலாம். மூக்கு கொஞ்சம் உடைபடலாம். பரவாயில்லை, உடைந்த மூக்கோடு நாம் வீட்டுக்கு வந்துவிடுவோம், இறங்கினவரும் அவர் வீட்டுக்குப் போவார்.

இனி வீட்டுப்பாடம். நான் விட்டுப்போன மூக்குச் சொற்களைக் கீழே எழுதுங்கள். உருது, தெலுங்கு பேசும் பிள்ளைகள் உங்கள் வீட்டு மூக்குகளைக் கட்டாயம் எழுத வேண்டும். மூக்கடலை சுண்டல் என்று எழுதி மார்க் வாங்கப் பார்க்காதீர்கள், அது சாப்பாட்டுப் பாடம். கம்பெனியில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் தனிக் கேள்வி: உங்கள் இடத்தில் அந்த மீட்டர் இருக்கிறதா, இல்லையா? வெளியே எழுதத் தயக்கமாக இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள். மாலை 5 மணிக்கு மேல் சும்மாதான் இருப்பேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் டீச்சர்,
சத்துவாச்சாரி